பாதி மைதானத்துக்குத் தண்ணீர்

கால்பந்து மைதானத்துப் புல்லுக்காரரிடம் வயதைக் கேட்டால் நேராகச் சொல்ல வராது. மகள் எப்போது பிறந்தாள் என்றால், "நாங்க மேல இருந்தப்ப" என்பார். முழங்கால் வலி எப்போது தொடங்கியது என்றால், "ரெண்டாம் தடவை கீழ போனப்ப" என்பார். மேல என்பது முதல் டிவிஷன், கீழ என்பது இரண்டாம் டிவிஷன். கல்யாணம், காய்ச்சல், வீடு மாறியது, பல் விழுந்தது என்று தன் ஆயுளில் நடந்த அத்தனையையும் மனிதர் இந்த இரண்டு அலமாரிகளில்தான் அடுக்கி வைத்திருந்தார்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு பருவம் முடியும்போதும் முதல் டிவிஷனில் கடைசியாக நிற்கும் மூன்று கால்பந்துக் கிளப்புகள் கீழே போகும். கீழே முதலில் நிற்கும் மூன்று மேலே வரும். பள்ளிக்கூடத்தில் பெயிலாவது மாதிரிதான். என்ன, இங்கே மாணவன் பெயிலானால் வாத்தியார், வாட்ச்மேன், மணியடிப்பவர் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு கீழ் வகுப்புக்குப் போக வேண்டும். புல்லும் போகும். மேலே இருந்தபோது நிழல் விழும் இடங்களில் புல் வளர, சக்கரம் வைத்த பெரிய விளக்குகள் வாங்கிக் கொடுத்தார்கள். கீழே போனதும் அவற்றை விற்றுவிட்டார்கள். வெட்டும் இயந்திரம் பழுதானால், "அண்ணே, கொஞ்சம் சமாளிச்சுக்கங்க" என்பார்கள். சமாளித்துச் சமாளித்தே அவர் முதுகு வளைந்தது.

வாழ்க்கையில் ஒருநாளும் அவர் பந்தை உதைத்ததில்லை. வேலிக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர், அன்றைக்குத் தண்ணீர் விடும் ஆள் வரவில்லை என்று குழாயைப் பிடித்தார். பிடித்த குழாயை விடவில்லை. விளையாட்டுக்காரர்கள் எல்லோரும் அவருக்குப் புல்லை மிதிப்பவர்கள், அவ்வளவுதான். புகழ்பெற்ற ஒரு வீரனைப் பற்றிக் கேட்டால், "குதிகாலால திரும்புவான், பள்ளம் பறிச்சிடுவான்" என்று முடித்துவிடுவார். கோல் விழுந்தால் உலகமே வலையைப் பார்க்கும். இவர் பந்து வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பார். எந்தக் கோலுக்கும் கை தட்டியதில்லை. கை தட்டினால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களா என்று மனைவி கேலி செய்வதுண்டு.

மாப்பிள்ளை வாய்த்ததும் புல்லால்தான். அப்போது அவர் இந்தக் கிளப்பில்தான் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தார். ஒருநாள் புதிதாக விதை தூவிய இடத்தில் ஷூவோடு நடந்துவிட்டார். புல்லுக்காரர் விட்ட டோஸில் மைதானமே திரும்பிப் பார்த்தது. மறுநாள் அந்த ஆள் வெறுங்காலோடு வந்து, மண்ணைச் சமப்படுத்த உதவட்டுமா என்று பணிவாகக் கேட்டார். அதற்கடுத்த நாளும் வந்தார். பரவாயில்லையே, புல்மேல் இவ்வளவு பாசமா என்று புல்லுக்காரர் உருகிப் போனார். அந்தப் பாசம் அப்பாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவரும் மகள்மேல் என்பது மைதானத்தில் எல்லோருக்கும் தெரிந்த பிறகு, கடைசியாகத் தெரிந்தது இவருக்குத்தான்.

கிளப் போன தடவை கீழே போனபோது மாப்பிள்ளையைப் பக்கத்து நகரத்துக் கிளப்புக்கு விற்றுவிட்டார்கள். பேருந்தில் ஏறி ஒரு தூக்கம் போட்டால் போய்விடலாம் என்ற தூரம்தான். ஞாயிறுதோறும் மகளும் பேத்தியும் வந்து போனார்கள். பிறகு இந்தக் கிளப்பும் தட்டுத் தடுமாறி மேலே ஏறிக்கொண்டது. எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது, இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் வரும்வரை.

கடைசி ஆட்டம் இந்த மைதானத்தில், இந்தக் கிளப்புக்கும் மாப்பிள்ளையின் கிளப்புக்கும். கீழே போகிற மூன்றில் இரண்டு ஏற்கெனவே முடிவாகிவிட்டன. மூன்றாவது யார் என்பதுதான் பாக்கி. இவர் கிளப், மாப்பிள்ளை கிளப், தூரத்தில் வேறு ஆட்டம் ஆடும் துறைமுகக் கிளப், மூன்றும் ஒரே புள்ளிக்கணக்கில் நின்றன. கோல் கணக்கில் துறைமுகமே முன்னால் இருந்ததால், இங்கே யார் தோற்றாலும் தோற்றவர் கீழே. டிராவில் முடிந்தால் துறைமுகத்தைப் பார்க்க வேண்டும். அவர்கள் தோற்றால் அவர்கள் போவார்கள், இங்கே இரண்டு பேரும் பிழைப்பார்கள். அவர்கள் தோற்காவிட்டால் கோல் கணக்கில் பின்தங்கிய மாப்பிள்ளை கிளப் போகும்.

கிளப் முதலாளி முன்கூட்டியே சொல்லிவிட்டார். கீழே போனால் புல்லைப் பெயர்த்துவிட்டு பிளாஸ்டிக் புல் விரிப்பார்கள். இரண்டாம் டிவிஷனில் அதற்கு அனுமதி உண்டு. பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணீர் வேண்டாம், வெட்ட வேண்டாம், புல்லுக்காரரும் வேண்டாம். அந்தப் பக்கம் மகள் ஃபோனில் அழாமல் சொன்னாள்: அவர்கள் கிளப் கீழே போனால் இந்த வயதில் மாப்பிள்ளையை யாரும் எடுக்க மாட்டார்கள், கடல் கடந்து ஒரு நாட்டில்தான் ஒரு கிளப் கூப்பிட்டிருக்கிறது, குடும்பத்தோடு போய்விட வேண்டியதுதான். அப்புறம், "நீங்க உங்க வேலையைப் பாருங்கப்பா" என்றாள். அதுதான் அவரை அதிகமாகக் குழப்பியது. எது தன் வேலை என்று அவருக்கு அன்றிலிருந்து விளங்கவில்லை. ஒரு பக்கம் புல், ஒரு பக்கம் பேத்தி. மதில்மேல் பூனைக்காவது எந்தப் பக்கமாவது குதிக்கலாம் என்ற வசதி உண்டு.

அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று எதையும் தெளிவாகச் சொல்லி முடித்துப் பழக்கம். கால்பந்தில் அவருக்குத் தெரிந்தது பந்து ஒன்றுதான்.

"டிராவா முடிச்சுக்கட்டும். ரெண்டு பேரும் பிழைச்சுக்கலாம்ல?" என்றார்.

"அதுக்குத் துறைமுகக் கிளப் தோக்கணும்."

"தோக்கட்டுமே. அவங்க நமக்கு யாரு?"

துறைமுகத்திலும் ஒரு புல்லுக்காரர் இருப்பார் என்று இவருக்குத் தோன்றியது. அதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள இடம் இல்லை.

இந்த இடத்தில் கோச் வந்து சேர்ந்தார். மாப்பிள்ளை கிளப் வேகமாக, தரையோடு தரையாகப் பந்தைக் கொடுத்து ஆடுகிற கிளப். அவர்களுக்கு ஈரமான, குட்டையான புல் வேண்டும், பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். இவர்கள் உயரமான ஆட்கள், தூக்கி அடித்துத் தலையால் முட்டுகிறவர்கள். இவர்களுக்குக் காய்ந்த தரை வேண்டும், பந்து விழுந்த இடத்தில் நிற்கும். "அண்ணே, வெட்டாதீங்க. ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. பந்து அவங்க கால்ல ஒட்டிக்கிட்டு நகரவே கூடாது" என்று கோச் உத்தரவு போட்டார். புல்லுக்காரர் தலையாட்டினார். தலையாட்டுவதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

ஆட்டத்தன்று விடிவதற்கு வெகு முன்பே குழாயடியில் உட்கார்ந்து யோசித்தார். முழு மைதானமும் காய்ந்து கிடந்தால் மாப்பிள்ளை கடல் தாண்டுவார். முழுதும் நனைத்தால் புல் போய்விடும். அப்படியானால் பாதி நனைத்தால்? உலகத்தில் வேறு எவனுக்கும் வராத யோசனை, மைதானத்துக் குழாயைக் கையில் வைத்திருப்பவனுக்குத்தான் வரும். வந்ததும் அது அவருக்கு மகா புத்திசாலித்தனமாகப் பட்டது.

மைதானத்தில் ஒரு முனை மதில் முனை, எதிர்முனை கடிகார முனை. அந்தக் கடிகாரம் ஓடாமல் நின்று எவ்வளவோ காலமாயிற்று, பெயர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கிளப்பில் ஒரு பழைய வழக்கம்: சொந்த அணி முதல் பாதியில் மதில் முனையை நோக்கியும், இரண்டாம் பாதியில் தங்கள் ரசிகர்கள் கூடி நிற்கும் கடிகார முனையை நோக்கியும் ஆடும். வருகிற அணிகளும் விட்டுக்கொடுத்துவிடும். ஆகவே கடிகார முனைப் பாதியை மட்டும் நனைத்தால், முதல் பாதியில் மாப்பிள்ளை அணி ஈரத்தில் பாயும், இவர் அணி காய்ந்த தரையில் முட்டும். இரண்டு பேரும் ஆளுக்கொன்று அடித்துக்கொள்ளட்டும். இரண்டாம் பாதியில் பக்கம் மாறும். இரண்டு பேருக்கும் பிடிக்காத தரை, ஒருவரும் அடிக்க முடியாது. அப்படியே டிராவில் முடிந்துவிடும். சொட்டு சிந்தாமல், கிழக்கில் வெளுக்கும் முன்பே கடிகார முனைப் பாதியை நனைத்து முடித்தார். மேலே உலர்ந்தாற்போல் தெரியட்டும் என்று கோணியால் ஒத்தியும் விட்டார். அந்தப் பக்கம் எப்போதும் கேலரி நிழலில் கொஞ்சம் ஈரமாக இருக்கும் என்பதால் கோச்சுக்குச் சந்தேகம் வரவில்லை.

புறப்படும்போது மனைவி சொன்னார்: "வரும்போது முகத்தை வாசல்லயே முடிவு பண்ணிட்டு வாங்க. சந்தோஷமா துக்கமான்னு தெரியாம என்னால காத்திருக்க முடியாது."

மாப்பிள்ளைதான் அந்த அணியின் கேப்டன். ஆட்டத்துக்கு முன்னால் அவர் தனியாக மைதானத்தைச் சுற்றி நடந்ததையும், கடிகார முனையில் குனிந்து உள்ளங்கையைப் புல்லில் வைத்துப் பார்த்ததையும் புல்லுக்காரர் தூரத்திலிருந்து பார்த்தார். நம்ம ஆளு, புல்லை மதிக்கத் தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டார். மாமனும் மருமகனும் அன்றைக்குப் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் யாராவது ஏதாவது சொல்வார்கள்.

டாஸ் போட்டார்கள். மாப்பிள்ளை ஜெயித்தார். நடுவர் ஏதோ கேட்க, மாப்பிள்ளை கையை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டினார். இரண்டு அணிகளும் எதிரெதிராக இடம் மாறின. இந்த மைதானத்தில் யாரும் செய்யாத காரியம். கூட்டம் கத்தியது. புல்லுக்காரருக்கு மட்டும் காது அடைத்துக்கொண்டது. அவர் நேர்த்தியாகப் பின்னிய கூடை, தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது.

முதல் பாதி முழுக்கப் பந்துக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. இந்த அணி தூக்கி அடித்ததெல்லாம் ஈரத்தில் வழுக்கிக் கோட்டுக்கு வெளியே ஓடியது. அந்த அணி தரையோடு கொடுத்ததெல்லாம் காய்ந்த புல்லில் சோம்பி நின்றது. ஜனங்கள் ஆட்டக்காரர்களைத் திட்டினார்கள். கோச் வானத்தைத் திட்டினார். யாரைத் திட்ட வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள், கடிகார முனைக் கோலுக்குப் பின்னால், குழாய் வைக்கும் கொட்டகை ஓரத்தில், வாட்ச்மேனுக்குப் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் கோல் ஏதும் இல்லை. வெயில் அடித்தாலாவது காய்ந்து தொலையும் என்று பார்த்தால், மேகம் வந்து மூடிக்கொண்டது.

இரண்டாம் பாதியில் இரண்டு அணிக்கும் பிடித்த தரை கிடைத்தது. இவர் அணி காய்ந்த பக்கத்தில் ஒரு கோல் முட்டியது. வயிறு குளிர்ந்தது, உடனே பேத்தி நினைவு வந்து பகீரென்றது. மாப்பிள்ளை அணி ஈரத்தில் பாய்ந்து ஒன்று போட்டது. நிம்மதி வந்தது, உடனே புல்லைப் பார்த்துக் கண் கலங்கியது. மறுபடி இவர்கள் ஒன்று, மறுபடி அவர்கள் ஒன்று. அழுவதா சிரிப்பதா என்று முடிவு செய்வதற்குள் அடுத்த கோல் விழுந்துவிடுகிறது, ஒரு மனிதன் என்னதான் செய்வான்? ஆளுக்கு இரண்டு. கேலரியில் ரேடியோ வைத்திருந்தவர்கள், துறைமுகக் கிளப் தோற்றுக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கணக்கு தப்பியும் விடை சரியாக வந்திருக்கிறது. இப்படியே முடிந்தால் புல்லும் உண்டு, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. இன்னும் எவ்வளவு நேரம் என்று பதற்றத்தில் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். எத்தனையோ பருவங்களாக நின்றுபோய்க் கிடக்கிற கடிகாரம். அதையே இரண்டு தடவை பார்த்தார்.

கேலரியில் எங்கோ ஒரு குரல், துறைமுகம் கோல் அடித்துச் சமன் செய்துவிட்டது என்று கத்தியது. செய்தி தீயாகப் பரவியது. அது உண்மையானால் டிரா மாப்பிள்ளை அணிக்குப் போதாது. ஓரத்தில் நின்ற அவர்கள் கோச் இரண்டு கைகளையும் வீசி எல்லோரையும் முன்னால் விரட்டினார். பந்து நடுக்கோட்டருகே மாப்பிள்ளை காலுக்கு வந்தது. ஒருவரைக் கடந்தார். ஈரப் பாதியில் நுழைந்தார். தூரத்திலிருந்தே, தாழ்வாக அடித்தார்.

பந்து நேராகப் புல்லுக்காரரை நோக்கி வந்தது. ஒரு இடத்திலும் எகிறவில்லை, ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. கோல்கீப்பர் விழுந்து நீட்டிய கைக்கு அடியில் சரேலென்று புகுந்து வலையில் நின்றது. புல்லுக்காரர் வழக்கம்போல் வலையைப் பார்க்கவில்லை, பந்து வந்த வழியைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏன் என்று அவருக்கு அந்த நேரத்தில் விளங்கவில்லை.

கடைசி விசில் ஒலித்தது. கிளப் கீழே போனது. ஜனங்கள் இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம்தான் சரியான செய்தி வந்தது. துறைமுகம் அடித்த கோலை அங்கே நடுவர் செல்லாது என்று சொல்லிவிட்டாராம். அவர்கள் தோற்றே போனார்களாம். அதாவது அந்தக் கடைசி கோல் யாருக்கும் தேவைப்படவில்லை. டிராவே இரண்டு வீட்டையும் காப்பாற்றியிருக்கும். இப்போது தோற்றும் பிழைத்தது துறைமுகம்தான். அங்கே இருக்கும் புல்லுக்காரர் இந்நேரம் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்.

கூட்டம் கலைந்த பிறகு மாப்பிள்ளை கொட்டகைக்கு வந்தார். ஷூவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். இரண்டு பேரும் புல்லையே பார்த்தார்கள்.

"மாமா, எனக்காகத்தானே இந்தப் பக்கம் நனைச்சீங்க?"

புல்லுக்காரர் குனிந்து குழாயைச் சுருட்டத் தொடங்கினார்.

"அதான் மாமா பக்கத்தை மாத்தினேன். உங்க தண்ணியில நான் ஜெயிக்க வேணாம்னு நினைச்சேன். உங்க புல்லைப் பறிச்சுக்கிட்டு நான் எந்த முகத்தோட வீட்டுக்கு வருவேன்? இடைவேளைக்குள்ள காஞ்சிடும்னு பார்த்தேன். காயல." கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தார். "செய்தியும் பொய்யாப் போச்சு."

உங்களுக்காக மட்டும் இல்லை, டிராவுக்காக நனைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தார் புல்லுக்காரர். சொன்னால் மாப்பிள்ளை இன்னும் உடைந்துபோவார். சொல்லாவிட்டால், மாமன் தன் கிளப்புக்கே துரோகம் செய்தார் என்று ஆயுளுக்கும் நினைத்துக்கொண்டிருப்பார். எது மேல் என்று அவருக்குப் புலப்படவில்லை.

"ஞாயித்துக்கிழமை வந்துடுங்க மாப்பிள்ளை. பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளை அவர் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போனார்.

வீட்டுக் கதவைத் திறந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். விளக்கைப் போட்டு மறுபடி பார்த்தார். மருந்துச்சீட்டில் எப்பேர்ப்பட்ட டாக்டர் கிறுக்கியிருந்தாலும் படித்துவிடுகிற மனுஷி, இந்த முகத்தைப் படிக்க முடியாமல் நின்றார்.

"என்னங்க, சந்தோஷமா, துக்கமா? ஒண்ணு சொல்லுங்க."

"கீழ போயிட்டோம்."

"அப்போ மகள்?"

"எங்கயும் போகல. இங்கதான்."

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்கார்ந்தார். ஈர மண் ஒட்டிய கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, அவை வேறு யாருடையவோ என்பதுபோல் பார்த்தார்.

"கடைசி கோலுக்கு நான் கை தட்டிட்டேன்" என்றார். "வாட்ச்மேன்கூடப் பார்த்துட்டான்."

மனைவி நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "பரவாயில்ல விடுங்க" என்றார் மெதுவாக. "நம்ம மாப்பிள்ளைதானே அடிச்சார். பாசம் விடுமா?"

"அவருக்கு இல்ல."

"அப்புறம் யாருக்கு?"

"பந்து வந்துச்சு பாரு, அவ்வளவு தூரத்துலேருந்து. ஒரு இடத்துலகூடத் தட்டல. தண்ணி மேல போற மாதிரி போச்சு." உள்ளங்கையைத் தாழ்வாக நீட்டி அந்த ஓட்டத்தைக் காட்டினார். "இத்தனை வருஷத்துல அந்தத் தரையில எந்தப் பந்தும் அப்படி ஓடுனதே இல்ல."